அரசாங்கக் கரையாள்

மட்டாஞ்சேரி ஜெட்டியில் ஒச்சப்பனை முதன்முதலாக மறித்த அன்று அவன் வள்ளத்தில் இஞ்சிச் சாக்கு ஏறியிருந்தது. பாரம் கூடிப்போச்சு என்று சொல்லப்போகிறார்கள் என நினைத்து, இரண்டு சாக்கை இறக்கிவிடலாமா என்று மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டைக்காரர் சாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கரையில உனக்கு ஆரு உண்டு?" என்றார்.

ஒச்சப்பன் கரையைத் திரும்பிப் பார்த்தான். குடோன்களின் பின்வாசல், பாசி பிடித்த படிகள், அம்மிணியின் சாயாக் கடை, அதன் கூரையில் ரெண்டு காக்கை. இவ்வளவுதான் இருந்தது.

"ஆரும் இல்லீங்களே."

"அப்போ வள்ளம் இறக்கப்படாது."

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. நாட்டில் பல சட்டங்கள் வேலையில்லாமல் சும்மா இருந்த நேரமாதலால், புதிதாக ஒரு சட்டம் வந்ததில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உள்ளூர் நீர்ப் பாதுகாப்பு மற்றும் அமலாக்கத் திட்டம் என்று பெயர். தலைநகரிலிருந்து மாநில நிதி வந்தது. பாதி பாதுகாப்புக்கு, பாதி அமலாக்கத்துக்கு. அமலாக்கப் பாதி உடனே வேலையைத் தொடங்கிவிட்டது. பாதுகாப்புப் பாதி மேஜை நாற்காலி வாங்கிப் போட்டுக்கொண்டு யோசித்தது.

யோசித்துக் கண்டுபிடித்ததுதான் கரையாள். தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு வள்ளக்காரனுக்கும் கரையில் ஒரு ஆள் இருக்க வேண்டும். வள்ளக்காரன் திரும்பி வருகிறானா என்று அந்த ஆள் காத்திருக்க வேண்டும். வராவிட்டால் அலுவலகத்துக்கு வந்து சொல்ல வேண்டும். கரையாள் இல்லாதவனுக்கு லைசென்ஸ் இல்லை.

மற்ற வள்ளக்காரர்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் வரவில்லை. பெண்டாட்டி, மச்சான், அம்மா என்று ஆளுக்கொரு பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஒச்சப்பன் விஷயம் வேறு. உசிலம்பட்டிப் பக்கத்தில் தண்ணீரையே பார்க்காமல் வளர்ந்து, பிழைக்க வந்த இடத்தில் பஜார் ரோட்டுக் குடோன்களில் மிளகு மூட்டை சுமந்து, முதுகு இனி முடியாது என்று சொன்ன பிறகு ஒரு பழைய வள்ளத்தை வாங்கித் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகிறவன் அவன். கல்யாணம் நடக்கவில்லை. அதற்கு யாராவது முன்னால் நின்று பேச வேண்டும், பேச ஆளில்லை. சமையல், படுக்கை எல்லாம் வள்ளத்திலேயே. மழைக்கு ஒரு ஓலைப்பாய். அவனிடம் இருந்த உடைமையும் வீடும் பிழைப்பும் அந்த ஒரே வள்ளம்தான். அதுவும் இப்போது படியோரம் கட்டிக் கிடந்தது.

மறுநாள் சட்டைப் பட்டன்களை எல்லாம் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். விசேஷ அலுவலர் வெங்கிடேஸ்வரன் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார் என்று கேள்விப்பட்டதில் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. அலமாரியில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்தன. தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் என்று பூட்டி வைத்திருந்தார்கள்.

"சாமி, நானே எனக்குக் கரையாளா இருந்துக்கிடுறேன்."

வெங்கிடேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அட அசடே. நீ முங்கிப் போனா நீயே வந்து எப்படிடா பறைவே?"

"முங்க மாட்டேன் சாமி."

"முங்காதவனுக்கு எந்துக்குப் பாதுகாப்பு? முங்காதவனையெல்லாம் காப்பாத்தறதுக்கா கவர்ன்மென்டு பணம் அனுப்பறது?"

ஒச்சப்பன் வேறு வழி யோசித்தான். "எங்க ஊரு கருப்பசாமி பேரைப் போட்டுக்கலாங்களா? அவருதான் எப்பவும் பார்த்துக்கிட்டு இருக்காரு" என்றான்.

வெங்கிடேஸ்வரன் இதைச் சிரிக்காமல் கேட்டார். அவர் எதையும் சிரித்துத் தள்ளுகிறவர் அல்ல. ஒரு நிமிஷம் மோட்டுவளையைப் பார்த்தார்.

"வேறே ஸ்டேட்டுத் தெய்வமாக்கும். இங்கே செல்லாது. மனுஷாளா பாரு."

அம்மிணியின் சாயாக் கடைக்குப் போனான். அவள் வள்ளக்காரர்களுக்கெல்லாம் சாயா ஆற்றுகிறவள். புருஷன் எண்ணெய் நாட்டு வேலைக்கென்று பேர்ஷ்யாவுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. ஒச்சப்பனின் வள்ளம் சாயங்காலம் படியில் இடிக்கும்போதெல்லாம் அவள் பாத்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "எந்தா பாண்டி, இன்னு வைகியல்லோ" என்று, நேரமாகிவிட்டதே என்கிற மாதிரி, ஒரு வார்த்தை வீசுவாள். பல நாள் அவனிடம் மனுஷர்கள் பேசும் ஒரே வார்த்தை அதுவாக இருக்கும். அதற்கு அவன் பதில் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வாங்கிக்கொள்வான், அவ்வளவுதான்.

"சேச்சி, எனக்குக் கரையாளா நிப்பீகளா?"

"அதுக்கென்னா! எப்படியும் நான் இவிடெதான். பேரைப் போட்டுக்கோ."

இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். வெங்கிடேஸ்வரன் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"உன் பர்த்தாவு எங்கே?"

"பேர்ஷ்யாவில, சாரே."

"வருவானோ?"

"வராம? காத்திருக்கேனல்லோ."

"போச்சு" என்றார் வெங்கிடேஸ்வரன். "இவ ஏற்கெனவே ஒருத்தனுக்குக் காத்திண்டிருக்கா. ஒரே ஆள் ரெண்டு பேருக்குக் காத்திருக்கப்படாது. தோணி முங்கற நேரத்துல பேர்ஷ்யாவை நினைச்சிண்டு நின்னான்னா ஆரு சமாதானம் பறயறது?"

அம்மிணி வாசலில் நின்று, "கிறுக்கு" என்று மலையாளத்துக்கும் தமிழுக்கும் பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். ஒச்சப்பன் வள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். கட்டிப்போட்ட வள்ளம் அலைக்குப் படியில் இடித்துக்கொண்டே இருந்தது. குடோன்காரர்கள் வேறு வள்ளத்தில் சரக்கு ஏற்றினார்கள்.

அவனைக் காப்பாற்றியது இரக்கமல்ல. நிதிதான். பாதுகாப்புப் பாதி இன்னும் செலவாகாமல் கிடந்தது. ஆளில்லாத வள்ளக்காரர்களுக்கு அரசாங்கமே ஒரு பொதுக் கரையாளை நியமிக்கலாம் என்று வெங்கிடேஸ்வரனுக்கு ஒரு காலையில் குளிக்கும்போது தோன்றியது. அவருடைய மனைவியின் அக்கா மகன் வெங்கிட்டு பி.ஏ. முடித்துவிட்டு முப்பது வயதுவரை வீட்டில் உட்கார்ந்திருந்ததும், உட்கார்ந்திருப்பதில் அவனுக்கு நல்ல பழக்கம் இருந்ததும் இதற்குத் தோதாக அமைந்தன. ஜெட்டியில் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு நாற்காலி, ஒரு குடை, கூப்பிடுவதற்குத் தகரத்தில் செய்த ஒரு கூம்புக் குழல். மேலே ஒரு பலகை: உங்களுக்காகக் காத்திருக்கிறோம். கீழே சின்ன எழுத்தில்: பத்து முதல் ஐந்து வரை. ஞாயிறு விடுமுறை.

மட்டாஞ்சேரி முழுவதும் தேடியும் ஆளில்லாத வள்ளக்காரன் ஒச்சப்பன் ஒருத்தன்தான் அகப்பட்டான்.

வெங்கிட்டுவுக்குத் தண்ணீர் என்றால் பயம். நாற்காலியைத் தண்ணீருக்கு முதுகு காட்டித்தான் போட்டுக்கொள்வான். "ஆத்துல குளிக்கறதே நேக்கு ஆகாது. நீ ஒண்ணும் நினைச்சுக்காதேடா" என்று முதல் நாளே ஒச்சப்பனிடம் சொல்லிவிட்டான். வாரப்பத்திரிகை படிப்பான். ஐந்து மணி ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்போது தகரக் குழலை எடுத்துத் தோளுக்குப் பின்னால் திருப்பி, தலையைத் திருப்பாமலே கூப்பிடுவான்:

"ஒச்சப்பன் வந்தாச்சாாா?"

ஒச்சப்பன் எங்கே இருந்தாலும், "வந்தாச்சு!" என்று கத்த வேண்டும். அதோடு பாதுகாப்பு முடிந்தது. வெங்கிட்டு குடையை மடக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவான்.

முதல் நாள் ஒச்சப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. யாரோ வேறு ஒரு ஒச்சப்பனைக் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். தண்ணீர்தான் இருந்தது. நாளாக ஆக அந்தக் குரல் அவனுக்கு வேண்டியிருந்தது. துறைமுகத்தில் சரக்கு இறக்கிவிட்டு மற்றவர்கள் பீடி பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவன் கழுக்கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஐந்து மணிக்குள் குரல் எட்டும் தூரத்துக்கு வந்தாக வேண்டும். "என்னடா, வீட்டுக்காரி தேடுவாளோ?" என்று அவர்கள் சிரிப்பார்கள். "கூப்பிடுவாக" என்பான் ஒச்சப்பன். யார் என்று சொல்ல மாட்டான். சில நாள் கருவாடு பொரித்து இலையில் மடித்து எடுத்துக்கொண்டு வெங்கிட்டுவுக்குக் கொடுக்கப் போவான். வெங்கிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சிவ சிவா! தூரப் போடா!" என்று அலறுவான். அதையும் ஒச்சப்பன் பேச்சு என்றே எடுத்துக்கொண்டான்.

அவன் கவனிக்காமல் போன ஒன்று உண்டு. அம்மிணி தலை நிமிர்த்துவதை நிறுத்திவிட்டாள். அவள்மேல் குற்றமில்லை. சர்க்கார் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துப் பார்க்கிற ஒருவனை, சாயா விற்கிறவள் எதற்குப் பார்க்க வேண்டும்?

மார்ச் மாதம் பிறந்ததும் தலைநகரிலிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. திட்டத்தால் விபத்து குறைந்ததா? மீட்கப்பட்டவர்கள் எண்ணிக்கை கூடியதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் அடுத்த வருஷ நிதி. வெங்கிடேஸ்வரன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விபத்து நடந்தால் முதல் கேள்வி போயிற்று. நடக்காவிட்டால் இரண்டாவது கேள்வி போயிற்று. நாலாவது நாள் ஒச்சப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன்னைக் காப்பாத்தப் போறோம்" என்றார்.

ஒச்சப்பன் பயந்துபோனான். "நான் ஒண்ணும் செய்யலியே சாமி."

"ஒத்திகையாக்கும், அசடே. காலம்பற நீ வள்ளத்தை எடுத்திண்டு தெற்கே அந்தக் கண்டல் திட்டுக்குப் பின்னால போய் ஒளிஞ்சிண்டிரு. வெங்கிட்டு கூப்பிடுவான். நீ பதில் பறயப்படாது. உடனே சைரன் ஊதி, நம்ம ரட்சா போட்டு, ஆளைக் காப்பாத்தற மோட்டார் படகாக்கும், உன்னைத் தேடிண்டு வரும். திருவனந்தபுரத்துலேர்ந்து பெரியவா வந்திருப்பா. ஊரே பார்க்கும்."

"என்னைத் தேடிக்கிட்டா சாமி?"

"உன்னைத்தான்."

"போட்டு அங்கன வருமுங்களா?"

"நீ இருக்கற இடத்தை விட்டு அசையாம இருந்தாப் போரும். மத்ததெல்லாம் கவர்ன்மென்டு பாத்துக்கும்."

அந்தத் திட்டில் தண்ணீர் வற்றினால் வள்ளம் சேற்றில் உட்கார்ந்துவிடும் என்பது ஒச்சப்பனுக்கு மட்டுமல்ல, அங்கே மீன் கொத்துகிற கொக்குக்கும் தெரியும். அவன் அதைச் சொல்லவில்லை. தேடி வருகிறவர்கள் வரும்போது, ஓடிப்போக முடியாதபடி ஓரிடத்தில் இருப்பது நல்லதுதானே என்று பட்டது.

ஒத்திகை அன்று விடியலில் சோப்புப் போட்டுக் குளித்தான். பெட்டியிலிருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் பிராட்வே கடைத்தெருவில் வாங்கிய நாளுக்குப் பிறகு அன்றுதான் போட்டான். திட்டுக்குப் பின்னால் கண்டல் மரங்களுக்கும் மிதக்கிற பாயல் செடிகளுக்கும் நடுவே வள்ளத்தைச் செருகிவிட்டு ஜெட்டிப் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்கிற்று. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து சேற்றில் அமர்ந்தது. நண்டுகள் வெளியே வந்து அவனைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலைக்குப் போயின.

தண்ணீர்மேல் சத்தம் தெளிவாக வரும். ஜெட்டியில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். முதலில் நாதசுரம் வந்தது. பிறகு வரவேற்புரை. பிறகு வெங்கிடேஸ்வரனின் மலையாளம்.

"மரியாதைக்குரியவர்களே! இந்தத் திட்டத்துக்கு முன்னால் இக்கரைக்குத் தினமும் எத்தனை பேர் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள் என்று யாராலாவது சொல்ல முடியுமா? முடியாது. கண்டபடி வந்தார்கள். வருவதற்கு ஒரு முறை இல்லை, கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை. இன்று அரசாங்கத்தின் செலவில் நாள்தோறும் ஒருவர் முறைப்படி திரும்பி வருகிறார். அவர் பெயர் ஒச்சப்பன்."

கைதட்டல். ஒச்சப்பன் சேற்றுக்கு நடுவில் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சிலர் கேட்கிறார்கள், மிதவைச் சட்டைகளை ஏன் கொடுக்கவில்லை என்று. கொடுத்தால் நனைத்துவிடுவார்கள். அரசாங்கச் சொத்தை நனைக்க விடலாமா? ரட்சா போட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்கிறார்கள். போட்டு வாங்க நிதி வந்தது, டீசல் வாங்க நிதி வரவில்லை. ஓடாத போட்டினால் இதுவரை ஒரு விபத்தாவது நடந்ததுண்டா? இதைவிடப் பாதுகாப்பு என்ன வேண்டும்?"

மறுபடி கைதட்டல். ஒச்சப்பனுக்குக் கடைசியில் சொன்னது முழுக்கப் பிடிபடவில்லை. டீசல் என்ற வார்த்தை மட்டும் காதில் நின்றது.

"இப்போது, மரியாதைக்குரியவர்களே, நம் ஒச்சப்பன் தண்ணீரில் இருக்கிறார். மணி ஆகிவிட்டது. ஒச்சப்பன் வரவில்லை!"

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டியதுகூடக் கேட்டது. பிறகு, ஒலிபெருக்கி வழியாக, அவனுக்குப் பழகிய குரல்:

"ஒச்சப்பன் வந்தாச்சாாா?"

வாய் தன்னால் திறந்தது. கையால் பொத்திக்கொண்டான். பதில் சொல்லப்படாது. சைரன் ஊதியது. ஒச்சப்பன் வள்ளத்தின் உயர்ந்த பக்கத்தில் ஏறி, மரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். தூரத்தில் ஜெட்டி சின்னதாகத் தெரிந்தது. கொடிகள் தெரிந்தன. மாலை சூட்டிய ரட்சா போட்டு கட்டின இடத்திலேயே கட்டிக் கிடந்தது. அதில் வெள்ளை உடுத்த ஒருவர் ஏறி நின்று கையசைத்தார். வரும் என்று ஒச்சப்பன் பார்த்துக்கொண்டே இருந்தான். கையசைத்தவர் இறங்கிப் படியேறிப் போனார். சைரன் நின்றது.

ஒலிபெருக்கியில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டுகிற சத்தமும், "ஐயோ, குளிர்றதே!" என்று ஒரு அலறலும் கேட்டன. அதே குரல், பல் கிட்டிக்கொண்டு சொன்னது:

"வந்தாச்சு!"

கூப்பிட்டதும் வெங்கிட்டு, வந்ததும் வெங்கிட்டு. ஊர் கைதட்டியது. "ஒச்சப்பன் ரட்சிக்கப்பட்டார்!" என்று வெங்கிடேஸ்வரன் அறிவித்தார். ஒச்சப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒச்சப்பனுக்குச் சூடாகச் சாயா கொடுத்தார்கள். ஒச்சப்பனைப் பெரியவர் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் ஒச்சப்பன் சேற்றில் நின்றபடி ஒவ்வொன்றாகக் கேட்டான். தேசிய கீதம் வந்தபோது அசையாமல் நின்றான். பிறகு ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டார்கள்.

அப்புறமும் அவன் கிளம்பவில்லை. கிளம்ப வழியுமில்லை, தண்ணீர் ஏற வேண்டும். ஆனால் தண்ணீர் ஏறி வள்ளம் மிதக்கத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தான். யாராவது ஒருத்தருக்கு ஞாபகம் வந்து, ஒரு ஓடத்தை எடுத்துக்கொண்டு, "டேய்" என்று கூப்பிட்டால் என்ன செய்வது?

வெயில் சாய்கிற நேரத்துக்கு ஜெட்டிப் படியில் வள்ளத்தை இடித்தான். வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மிணி அன்று நூற்றுக்கணக்கில் சாயா ஆற்றிய கையை உதறிக்கொண்டு வாசலில் நின்றாள். சட்டை முழுக்கச் சேறாக வந்தவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒச்சப்பா! உன்னை ரட்சிச்சாச்சே! பின்னே நீ எவிடேந்து வர்றே?"

"திட்டுல இருந்தேன் சேச்சி. வருவாகன்னு."

 "அது வெங்கிட்டுன்னு எனக்குத் தெரிஞ்சுது. பக்ஷே நான் எப்படிச் சொல்றது? நான் உன் கரையாள் அல்லல்லோ" என்றாள். அடுப்பு அணைந்துபோயிருந்தது. மறுபடி மூட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான்.

அடுத்த வாரம் இரண்டு நல்ல செய்திகள் வந்தன. இரண்டு கேள்விக்கும் ஆம் என்று பதில் போன மகிமையில் வெங்கிட்டுவுக்குத் தலைநகரில் உத்தியோகம் கிடைத்தது. விபத்தே இல்லாத ஊருக்குப் பாதுகாப்பு எதற்கு என்று தலைநகரம் பாதுகாப்புப் பாதியை நிறுத்தி, அமலாக்கப் பாதியை இரட்டிப்பாக்கியது. இரட்டிப்பான அமலாக்கம் நேரே ஒச்சப்பனிடம் வந்தது. காக்கிச் சட்டைக்காரர் வள்ளத்தைப் படியோரத் தூணில் இரும்புச் சங்கிலி போட்டுப் பூட்டினார்.

ஒச்சப்பன் அலுவலகத்துக்கு ஓடினான்.

"நீ முங்கினவனாக்கும்" என்றார் வெங்கிடேஸ்வரன், வருத்தத்தோடுதான். "ஊரறியக் காப்பாத்தியிருக்கு. ஒரு தடவை முங்கினவனை மறுபடியும் தண்ணில விட்டா நாங்க ஜாக்கிரதையா இருக்கோம்னு ஆரு நம்புவா?"

"முங்கல சாமி. நான் சேத்துலல்ல இருந்தேன்."

"அப்போ காப்பாத்தலேங்கறியா?"

மேஜைக்குப் பின்னால் சுவரில் போட்டோ மாட்டியிருந்தது. பெரியவர், பொன்னாடை, ஈரத் தலையோடு வெங்கிட்டு. அடியில் ஒச்சப்பன் என்று பெயர். ஒச்சப்பன் அதையே பார்த்தான். நல்ல படம்தான். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

"காப்பாத்துனீக சாமி" என்றான்.

மறுபடி பஜார் ரோட்டில் மூட்டை தூக்கப் போனான். முதுகு முன்பே சொன்னதைத் திரும்பச் சொன்னது. ராத்தங்கல் குடோன் வாசலில். சாயங்காலமானால் கால் தன்னால் ஜெட்டிக்கு வந்துவிடும். பச்சை நாற்காலியை எடுத்துப்போக யாருக்கும் உத்தரவு வராததால் அது அங்கேயே கிடந்தது. குழலும் ஆணியில் தொங்கியது. உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்று பலகை சொல்லிக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் நாற்காலியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். எதிரே சங்கிலியில் வள்ளம் அசைந்தது. இத்தனை காலம் வள்ளத்தில் ஆள் இருந்தது, கரையில் இல்லை. இப்போது கரையில் ஆள் இருந்தது, வள்ளத்தில் இல்லை.

ஐந்து மணி ஆகப்போகிற நேரம். குழலை எடுத்தான். கூப்பிட்டுப் பழக்கமில்லாதவன் போல ஒரு தரம் துடைத்தான்.

"ஒச்சப்பன் வந்தாச்சாாா?"

குரல் தண்ணீர்மேல் போய், எதிர்க்கரைக் கப்பல்களில் பட்டு, எங்கோ போய்விட்டது.

பின்னால் செருப்புச் சத்தம். அமலாக்கத்தைப் பார்வையிட வந்த வெங்கிடேஸ்வரன், காக்கிச் சட்டைக்காரரோடு நின்றுகொண்டிருந்தார்.

"காத்திருக்க உனக்கு ஆருடா அதிகாரம் தந்தா? அரசாங்கக் குழலாக்கும் அது. திட்டம் முடிஞ்சாச்சு. உத்தரவில்லாம ஒருத்தருக்குக் காத்திருக்கறது குத்தமாக்கும், மனசிலாச்சோ?"

ஒச்சப்பன் எழுந்து நின்றான். குழலை ஆணியில் மாட்டினான்.

"ஆரைக் கூப்பிட்டே?"

"என்னையத்தான் சாமி."

வெங்கிடேஸ்வரன் யோசித்தார். சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்று மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். அவர் அநியாயமாக யாரையும் தண்டிக்கிறவர் அல்ல.

"பதில் வந்துதோ?"

ஒச்சப்பன் தண்ணீரைப் பார்த்தான்.

"வரல சாமி."

"அப்போ குத்தமில்லை" என்றார் வெங்கிடேஸ்வரன். "போ."